மனித உரிமையும் இலக்கமுறை நுட்பமும்: உலக மகாநாடு ஒன்றைக் கூட்டும் முறை

மக்கள் பலர் ஓரிடத்திற் கூடித் தமக்குப் பொதுவாகிய பொருளை ஆராய்ந்து முடிவு காண்பது மிகப் பழைய வழக்கம். ஊர் மன்றமும் புலவர் அவையும் அவ்வழக்கத்தின் முன்னைய வடிவங்கள். பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடும் மகாநாடு அதன் இக்கால வடிவம். அவையைப் பற்றி ஆழ்ந்து எண்ணிய வள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். இரண்டும் அவையிற் பேசப் புகுவோனை நோக்கியவை. அவையைக் கூட்டுவோனுக்கு உரிய கடமை யாது? எளியவன் ஒருவன் அஞ்சாது எழுந்து பேசத்தக்கவாறு அவையை அமைப்பது எங்ஙனம்? இவ்வினாக்களையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மனித உரிமைகளையும் இலக்கமுறைத் தொழில்நுட்பத்தையும் பற்றி மகாநாடு கூட்டுவோருக்கு இவ்வினா பின்னும் கூர்மையாகிறது. அவர்கள் வருவோரின் பெயரைப் பதிகின்றனர்; கடவுச்சீட்டு எண்ணைக் கேட்டு வாங்குகின்றனர்; படம் எடுக்கின்றனர்; யாருக்குப் பேச நேரம் உண்டு, யாருக்கு இல்லை எனத் தீர்மானிக்கின்றனர். அரசு தன் குடிகளிடம் செய்வனவற்றுட் பலவற்றை மகாநாட்டுக் குழு மூன்று நான்கு நாட்களுக்குத் தானே செய்கின்றது. ஆதலின் ஏற்பாடே மகாநாட்டின் முதற் சொற்பொழிவு எனல் பொருந்தும். அச்சொற்பொழிவு பிழைபட்டால் மேடையில் நிகழும் மற்றைச் சொற்பொழிவுகள் எத்துணைச் சிறந்தனவாயினும் பயனில்லை.

உரிமையும் கருவியும்

1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைகள் பற்றிய உலகப் பிரகடனம் முப்பது உறுப்புரைகளை உடையது. அவற்றுள் நான்கு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. 12ஆம் உறுப்புரை, ஒருவரின் அந்தரங்கம், குடும்பம், வீடு, கடிதத் தொடர்பு என்பவற்றில் எவரும் மனம்போனவாறு தலையிடலாகாது என்கின்றது. 19ஆம் உறுப்புரை, எச்சாதனத்தின் வாயிலாகவும், நாட்டெல்லைகளைப் பொருட்படுத்தாது, செய்தியைத் தேடவும் பெறவும் வழங்கவும் உள்ள உரிமையைக் கூறுகின்றது. 20ஆம் உறுப்புரை அமைதியாகக் கூடும் உரிமையையும், 27ஆம் உறுப்புரை அறிவியல் முன்னேற்றத்திலும் அதன் நன்மைகளிலும் பங்குபெறும் உரிமையையும் உரைக்கின்றன. இலங்கை 1955ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆந் திகதி ஐக்கிய நாடுகள் அமைப்பில் உறுப்பு நாடாகச் சேர்ந்தது.

பிரகடனம் எழுதப்பட்ட காலத்தில் கணினி என்பது ஓர் அறை முழுவதையும் நிரப்பிய பொறி. ஆயினும் எச்சாதனத்தின் வாயிலாகவும் என்று பொதுப்படக் கூறியமையால், வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பின்வந்த இணையத்துக்கும் அவ்வுரிமை தானே விரிந்தது. நாட்டெல்லை கடந்த செய்தி நம் மாவட்டத்துக்கு அயலான பொருள் அன்று. 1980ஆம் ஆண்டுகளில் ஜெர்மன் நாட்டு வானொலியாகிய டொய்ச்ச வெல்ல திருகோணமலைக்கு வடக்கே நம் கரையோரத்தில் அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்து, ஆசிய நாடுகள் பலவற்றுக்கு ஒலிபரப்பி வந்தது. பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. உலகத்துக்குச் செய்தி அனுப்பும் கருவி ஓர் ஊரின் அருகே நின்றாலும், அவ்வூருக்கு வேண்டிய செய்தி வந்து சேரும் என்பது உறுதியன்று.

இதற்கு நிலாவெளிக்கு வடக்கே, களப்பு கடலோடு கலக்கும் இடத்திலே அமைந்த இறக்கக்கண்டியைக் கருதுக. தமிழ் பேசும் மீனவக் குடும்பங்கள் வாழும் ஊர் அது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை, நம் நேரப்படி ஏறத்தாழ 7 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் நடுங்கியது. நிலம் நடுங்கிய செய்தியைப் பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவின் எச்சரிக்கை நிலையம் சிறிது நேரத்துக்குள் அறிந்தது. ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை எட்ட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த இடைவேளையில் எச்சரிக்கை எதுவும் நிலாவெளிக்கும் இறக்கக்கண்டிக்கும் குச்சவெளிக்கும் வந்து சேரவில்லை. செய்தி பெறும் உரிமை என்பது கற்றோர் பொழுதுபோக்காகப் பேசும் பொருள் அன்று என்பதை இக்கரை அன்று அறிந்தது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், கரையோரங்களில் நிறுவப்பட்ட எச்சரிக்கைக் கோபுரங்களும் அவ்வழிவின் பின் வந்தவை.

கருவி நன்மை தருவதுபோலத் தீமையும் தரும். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை எழுந்தபோது, பகைமையைத் தூண்டும் சொற்கள் பேஸ்புக் முதலிய சமூக ஊடகங்களிற் பரவின. அரசு அவ்வூடகங்களைச் சில நாட்கள் தடைசெய்தது. 2020ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் அந்நிகழ்ச்சிகளில் தன் தளம் தவறாகப் பயன்பட்டமைக்கு வருத்தம் தெரிவித்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட தூண்டுதல்களைப் படித்து நீக்குவதற்குப் போதிய ஆட்கள் அந்நிறுவனத்திடம் அப்போது இருக்கவில்லை. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னும், பொருளாதார நெருக்கடியின்போது 2022 ஏப்ரல் 3ஆந் திகதியும் மீண்டும் தடைகள் வந்தன. ஒருபுறம் தீச்சொல் தடையின்றிப் பரவுகின்றது. மறுபுறம் தடை வந்தவுடன் தன் பிள்ளை நலமா என்று கேட்கும் தாயின் சொல்லும் நின்றுவிடுகின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நெறி காண்பதே இத்துறை மகாநாடுகளின் தலையாய வேலை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 2022ஆம் ஆண்டு சூலை மாதத்தில் எரிபொருட் பங்கீடு க்யூஆர் குறியீட்டோடு இணைக்கப்பட்டது. இணையத்திற் பதிந்து குறியீடு பெற்றவருக்கே அப்போது எரிபொருள் கிடைத்தது. பதியத் தெரிந்தோருக்கு அது ஒழுங்கு. தெரியாதோருக்கு அது அயலவரின் தயவு. அன்றாட வாழ்வின் தேவை ஒவ்வொன்றும் இவ்வாறு பதிவேட்டோடு பிணைக்கப்படும் காலத்தில், பதிவேட்டை யார் வைத்திருக்கின்றனர், யார் பார்க்கின்றனர், பிழையிருப்பின் யாரிடம் முறையிடுவது என்னும் வினாக்கள் எழுகின்றன. அயல்நாடாகிய இந்தியாவில் ஆதார் அடையாளத் திட்டத்தை ஒட்டி எழுந்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆந் திகதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2024ஆம் ஆண்டில் நிகழ்நிலைப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறிற்று; அது பேச்சுரிமையைக் குறுக்கும் எனப் பத்திரிகையாளரும் உரிமை அமைப்பினரும் வன்மையாக எதிர்த்தனர்.

உலக மகாநாடுகள் நடந்த வழி

இப்பொருள் புதியது போலத் தோன்றினும் அதன் வேர் பழையது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஈரானின் தலைநகராகிய தெஹ்ரானில் மனித உரிமைகள் பற்றிய முதலாவது உலக மகாநாடு கூடியது. அறிவியல் வளர்ச்சி மனித உரிமைகளுக்கு ஊறு விளைக்கக்கூடும் என்பதை அது கவனத்திற் கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இலத்திரனியற் கருவிகளின் பயன்பாடு மனிதனின் உரிமைகளைத் தாக்கும் வகையை ஆராயவேண்டும் எனத் தீர்மானித்தது. இணையம் பொதுமக்கள் கைக்கு வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட செய்தி இது.

பின்னர் தகவற் சமுதாயம் பற்றிய உலக உச்சி மகாநாடு 2003இல் ஜெனீவாவிலும் 2005இல் தூனிஸ் நகரிலும் இரு கட்டங்களாக நடந்தது. அதன் பயனாக இணைய ஆளுகை மன்றம் தோன்றி, 2006இல் ஏதென்ஸ் நகரில் முதன்முறை கூடியது. 2008 டிசம்பரில் அம்மன்றம் இந்தியாவின் ஹைதராபாத் நகரிற் கூடிற்று. மும்பாய்த் தாக்குதல்கள் நடந்து சில நாட்களே ஆகியிருந்த வேளை அது. 2012 சூலையில் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை, மக்களுக்கு வெளியே உள்ள அதே உரிமைகள் இணையத்திலும் காக்கப்படல் வேண்டும் என ஒரு தீர்மானத்தை ஏற்றது.

இவை அரசுகளும் ஐக்கிய நாடுகளும் கூட்டியவை. குடிமக்கள் அமைப்புகள் கூட்டும் மகாநாடுகளுள் ரைட்ஸ்கொன் என்பது பெயர்பெற்றது. 2009இல் தொடங்கிய அக்சஸ் நவ் என்னும் அமைப்பு அதனை நடத்துகின்றது. 2011 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, ரியோ டி ஜெனிரோ, மணிலா, பிரசல்ஸ், டொராண்டோ, தூனிஸ் முதலிய நகரங்களில் அது கூடியது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021, 2022ஆம் ஆண்டுகளில் இணையவழியே நடந்தது. 2023இல் கோஸ்தா ரிக்காவின் சான் ஹோசேயிலும், 2025 பெப்ரவரியில் தாய்வானின் தாய்பேய் நகரிலும் கூடிற்று. அரசாங்க உத்தியோகத்தர், நிறுவனப் பொறியியலாளர், சட்டத்தரணிகள், பத்திரிகையாளர், உரிமைப் பணியாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருந்து வாதிடுவது இதன் சிறப்பு. நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை பங்குபற்றுவோர் தாமே முன்மொழிந்தவை.

மகாநாடு கூட்டுதலின் அருமையைத் தமிழர் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. தனிநாயகம் அடிகளாரும் பிறரும் 1964இல் நிறுவிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மகாநாடு 1966இல் கோலாலம்பூரில் இனிது நிறைவேறியது. நான்காவது மகாநாடு 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. சனவரி 10ஆந் திகதி இறுதிக் கூட்டத்தில் பொலீசார் புகுந்தமையால் நேர்ந்த குழப்பத்தில் உயிர்கள் பறிபோயின. ஆராய்ச்சிக்காகக் கூடியவர்களின் உயிரே பாதுகாப்பற்றதாயின், எழுதிய கட்டுரைகளாற் பயன் என்ன? கூடியோரின் பாதுகாப்பே கூட்டுவோரின் முதற்கடன் என்பதற்கு இதனினும் துயரமான சான்று நமக்கு வேண்டியதில்லை.

கூட்டும் முறை

இனி அத்தகைய மகாநாடு ஒன்றை நாமே கூட்டப் புகுவதாகக் கொள்வோம். அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். இறக்கக்கண்டி மீனவர் ஒருவரை நம் பிரதிநிதியாகக் கற்பனை செய்வோம். அவர் தமிழில் மட்டும் பேசுபவர், கைத்தொலைபேசி உடையவர், புயல் எச்சரிக்கையைப் பற்றியும், தம் பெயரும் தொழிலும் படகும் பதியப்பட்ட ஏடுகளைப் பற்றியும் சொல்லவேண்டிய செய்தி உடையவர். நம் ஏற்பாடு ஒவ்வொன்றையும் அவர் கண்ணால் நோக்கி மதிப்பிடுவோம்.

முதலாவது, இடம். அழகிய நகரமும் பெரிய மண்டபமும் போதா. அந்நாட்டிற் பேச்சுரிமை எந்நிலையில் உள்ளது, அரசு எவரெவரை உள்ளே விடும், மகாநாடு நடக்கும்போது இணையம் தடைபடுமா என்பனவற்றை ஆராய்தல் வேண்டும். தொலைத்தொடர்புத் தடை நிகழும் வகையை மாணவர் அறிதல் நன்று. அரசின் கட்டளை இணையச் சேவை நிறுவனங்களுக்குச் செல்லும். அவை குறித்த தளங்களுக்குரிய வழியை அடைக்கும். அல்லது ஒரு பிரதேசத்தின் இணைப்பு முழுவதையும் நிறுத்தும். ஒரு சில நிறுவனங்களே சேவை வழங்கும் நாட்டில் இது சில மணித்தியால வேலை.

இரண்டாவது, வழி. நம் பிரதிநிதி கடவுச்சீட்டுப் பெற நெடுந்தொலைவு செல்ல நேரலாம். நுழைவனுமதிக்காகக் கொழும்புக்கு மீண்டும் செல்ல நேரலாம். சில நாடுகளுக்குக் கொழும்பிலே தூதரகமும் இல்லை. வங்கிக் கணக்கைக் காட்டு என்பர். மாதச் சம்பளச் சான்றைக் கொண்டுவா என்பர். கடலை நம்பி வாழ்பவருக்கு மாதச் சம்பளம் ஏது? 2023ஆம் ஆண்டு கோஸ்தா ரிக்கா மகாநாட்டுக்கு அழைக்கப்பட்ட பலர், சிறப்பாக ஆபிரிக்க நாட்டினர், நுழைவனுமதி கிடையாமையால் வரமுடியாது போயினர் என்ற குறை பெரிதாய் எழுந்தது. உலக மகாநாடு என்ற பெயர் இருப்பினும், கடவுச்சீட்டின் நிறமே நடைமுறையில் வாயிற்காவலனாகின்றது. ஆதலின் இடத்தைத் தீர்மானிக்கும் முன்னரே அந்நாட்டு அரசோடு எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்ளலும், அழைப்பிதழ்களை மாதக்கணக்கில் முன்னரே அனுப்புதலும், பயணச் செலவை முற்பணமாகக் கொடுத்தலும் வேண்டும். செலவு செய்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டிப் பின்னர் பெற்றுக்கொள்க என்பது, செலவு செய்யக் கையிற் பணம் உள்ளவனுக்கே பொருந்தும் விதி.

மூன்றாவது, இணையவழிப் பங்கேற்பு. 2020இல் மகாநாடு இணையத்துக்கு மாறியபோது, முன்னர் நேரில் வந்தோரினும் மிகப் பலர் அதிற் கலந்துகொண்டனர். இணைப்புச் செலவைத் தாங்க இயலாதோருக்கென உதவிநிதியும் ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் நேரம் என்னும் தடை நிற்கின்றது. சான் ஹோசேயிற் பிற்பகல் 2 மணி, இறக்கக்கண்டியில் மறுநாள் அதிகாலை 1.30 மணி. விடியுமுன் வலையெடுக்க வேண்டியவர் அந்நேரத்தில் திரைமுன் இருப்பாரா? நிகழ்ச்சிகளை நாளின் வெவ்வேறு பொழுதுகளில் வகுத்தலும், முன்கூட்டியே பதிவுசெய்த பேச்சை ஏற்றுக்கொள்ளுதலும் இதற்கு மாற்று. திரையிற் படம் ஓட இயலாத மெல்லிய இணைப்புக்குக் குரலும் எழுத்தும் மட்டுமாவது செல்லும் வழி இருத்தல் வேண்டும்.

நான்காவது, மொழி. நம் அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள். ஆங்கிலம் இணைப்பு மொழி. உலக மகாநாடுகளிலோ ஆங்கிலமே அரசாள்கின்றது. உடனுக்குடன் மொழிபெயர்ப்போர் இருவர் இருவராக அமர்ந்து, ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை மாறி மாறிப் பணிபுரிவர். அவ்வளவு களைப்பைத் தரும் வேலை அது. அவர்களுக்குக் கட்டுரைகளையும் கலைச்சொற் பட்டியலையும் முன்னரே கொடுத்தல் வேண்டும். இக்கலைச்சொல் முயற்சியில் நமக்கு ஒரு தனிக்கடன் உண்டு. நாம் இலத்திரனியல் என்பதைத் தமிழகத்தார் மின்னணுவியல் என்பர். நாம் இலக்கமுறை என்பதை அவர் எண்ணிமம் என்றும் டிஜிட்டல் என்றும் வழங்குவர். சொல் இரண்டுபட்ட இடத்தில் உரிமையின் பொருளும் மயங்கும். செவிப்புலன் குறைந்தோருக்குச் சைகை மொழியும், பார்வை குறைந்தோருக்குக் கணினி வாசிக்கத்தக்க எழுத்தும் இதே கடமையின் பகுதிகள்.

ஐந்தாவது, பாதுகாப்பு. வருவோருள் தம் நாட்டிற் கண்காணிக்கப்படுவோர் இருப்பர். ஒருவர் மகாநாட்டுக்கு வந்தார் என்ற செய்தியே அவருக்குத் தீங்காதல் கூடும். அவர்கள் பெயரட்டையில் முழுப்பெயரை எழுதுதல் கட்டாயமாகலாகாது. படம் எடுக்க இசையாதோர் வேறு நிற நாடா அணிதல் ஒரு நல்ல வழக்கம். பதிவுப் பத்திரத்தில் வேண்டியதை மட்டும் கேட்டல் வேண்டும். மகாநாடு முடிந்ததும் அவ்விவரங்களை அழிக்கும் நாளை முன்னரே அறிவித்தல் வேண்டும். கைத்தொலைபேசி அழைப்பு இல்லாத வேளையிலும் அண்மையிலுள்ள கோபுரத்தோடு தொடர்புகொண்டே இருக்கும். ஆதலின் மண்டபத்தின் அருகே குறித்த நாட்களில் எந்தெந்தத் தொலைபேசிகள் இருந்தன என்பதைச் சேவை நிறுவனத்தின் ஏட்டிலிருந்து அறியலாம். இதனைப் பங்குபற்றுவோருக்கு எளிய மொழியில் எடுத்துச்சொல்லி, வீட்டில் விட்டுவரத்தக்கது எது, கொண்டுவரத்தக்கது எது என அறிவுறுத்தல் குழுவின் கடன்.

ஆறாவது, நிதி. பெருஞ்செலவு பிடிக்கும் முயற்சி இது. இத்துறை மகாநாடுகள் பலவற்றுக்குப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களும் பொருளுதவி செய்துள்ளன. அந்நிறுவனங்களின் செயலே ஆராயப்படும் அவையில் அவர்களின் பணம் மேடையைத் தாங்குவது முறையா என்ற வினா எழுவது இயல்பு. கொடுத்தவர் யார், எவ்வளவு என்பதை வெளியிடுதலும், கொடை கொடுத்தோருக்கு நிகழ்ச்சி நிரலிற் குரல் இல்லை என எழுத்திற் பெறுதலும் இதற்குரிய காப்புகள். கொடையாளி பேசலாம், கேள்விக்கு விடை சொல்லாது எழுந்து போதல் ஆகாது.

ஏழாவது, பேச்சுமுறை. ஒருவர் நாற்பது நிமிடம் பேச நூறுபேர் கேட்டுக் கைதட்டுவது சொற்பொழிவு, மகாநாடு அன்று. நம் பிரதிநிதியைக் கடைசி நாள் மாலையில், மண்டபம் வெறுமையான பின், ஐந்து நிமிடம் பேசவிடுதல் மரியாதைபோலத் தோன்றும் அவமதிப்பு. எச்சரிக்கை முறைகள் பற்றிய அமர்வில் அவர் முதலிற் பேசுக. கருவி செய்தோரும் சட்டம் வகுத்தோரும் அவருக்கு விடை கூறுக. துயருற்றவரை அத்துயரைச் சொல்லவைத்துக் கண்ணீரைப் படம் பிடித்துவிட்டு, அதனைத் தீர்க்கும் வழியைப் பற்றி அவரிடம் கருத்துக் கேளாது விடும் வழக்கம் ஒழியவேண்டும். கடலின் நிறம் மாறுவதையும் காற்றின் திசை மாறுவதையும் அறிந்தவர் அவர். எந்த எச்சரிக்கை எந்த வேளையில் எந்த ஒலியோடு வந்தால் ஊர் எழுந்து ஓடும் என்பதில் அவரே அறிஞர்.

முடிவுகள் ஊர் திரும்புதல்

மகாநாடு கலைந்தபின் எஞ்சுவது யாது? இத்துறையிற் பயன் விளைத்த சில முடிவுகள் உண்டு. 2015 மார்ச்சில் மணிலாவில், பிறர் எழுதியவற்றைத் தாங்கிச் செல்லும் இணைய நிறுவனங்களின் பொறுப்பு எவ்வளவு என்பது பற்றிய மணிலாக் கோட்பாடுகள் வெளியிடப்பட்டன. 2016இல் இணையத் தடைகளுக்கு எதிரான கீப் இற் ஒன் என்னும் உலக இயக்கம் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டை ஒட்டித் தொடங்கியது. 2018 மே மாதத்தில், தாமே கற்கும் கணிப்பொறிகள் மக்களைப் பாகுபடுத்தாதிருத்தல் பற்றி டொராண்டோப் பிரகடனம் எழுந்தது. இவை சட்டங்கள் அல்ல. ஆயினும் நீதிமன்றத்தில் வாதிடுவோருக்கும் சட்டமன்றத்திற் கேள்வி கேட்போருக்கும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியாயின. 2020 சனவரி 10ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், காஷ்மீரத்தில் இணையம் நிறுத்தப்பட்டமை பற்றிய வழக்கில், எல்லையின்றி இணையத்தை நிறுத்தல் ஆகாது என்றும், அத்தகைய கட்டளைகள் வெளியிடப்படல் வேண்டும் என்றும் கூறியது. உலகின் பல இடங்களில் எழுந்த இவ்வகை வாதங்களே இத்தகைய தீர்ப்புகளுக்கு நிலம் பண்படுத்தின.

எனினும் பிரகடனம் பிறந்த நகரிலேயே தங்கிவிடும் குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆங்கிலத்தில் எழுதி இணையத்தில் வைத்துவிட்டால் உலகம் முழுவதும் படித்துவிட்டது எனக் கருதுவது அறிஞரின் மயக்கம். நம் பிரதிநிதி இறக்கக்கண்டிக்குத் திரும்பியதும் சங்கத்திலுள்ளோர் என்ன முடிந்தது எனக் கேட்பர். அவர் கையில் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பாவது இருத்தல் வேண்டும். அதில் யாரிடம் எதைக் கேட்கலாம், எந்தச் சட்டம் துணை, எந்த நாளுக்குள் விடை வரவேண்டும் என்பன இருத்தல் வேண்டும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கொரு வாயில். எங்கள் கரைக்கு எச்சரிக்கை எவ்வழி வரும், கோபுரம் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அறிவிப்பு எம்மொழியில் வரும் என்று குடிமகன் எவரும் எழுத்திற் கேட்கலாம். அதிகாரசபை விடையளித்தல் வேண்டும்.

நம்மால் ஆவது

இத்துணைப் பெரிய முயற்சியிற் கல்லூரி ஒன்றுக்கு என்ன பங்கு எனச் சிலர் வினவலாம். பழைய மாணவர் சங்கம் என்பது பல நாடுகளிற் பரந்துள்ள ஓர் அமைப்பு. லண்டனிலும் டொராண்டோவிலும் சிட்னியிலும் பொறியியலாளராய், சட்டத்தரணிகளாய், மொழிபெயர்ப்பாளராய் இருப்போர் நம்முள் உளர். உலக மகாநாட்டுக்கு வேண்டிய திறமைகள் பல இங்கேயே உள்ளன. இப்பெருவிழா ஆண்டில் அவற்றைச் சிறிய அளவிற் பயன்படுத்திப் பார்க்கலாம்.

கல்லூரி மண்டபத்தில் ஒருநாட் கருத்தரங்கு ஒன்று கூடட்டும். பொருள்: கரையோர மக்களும் எச்சரிக்கைச் செய்தியும். திரியாயிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் இறக்கக்கண்டியிலிருந்தும் மீனவரும் மீனவப் பெண்டிரும் வருக. அவர்களின் பேருந்துச் செலவும் ஒருநாள் உழைப்பின் இழப்பும் முதலிலேயே கொடுக்கப்படுக. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பௌத்தர்களும் ஒருங்கிருக்க நாள் பார்த்து வைக்கப்படுக. தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்ப்பு நடைபெறுக. படம் எடுக்குமுன் இசைவு கேட்கப்படுக. பெயர்ப் பட்டியல் ஒரு மாதத்தில் அழிக்கப்படுக. மேல்வகுப்பு மாணவர் குறிப்பெடுத்து, முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி, ஒவ்வோர் ஊருக்கும் தாமே கொண்டுசென்று வாசித்துக் காட்டுக. அதிகாரிகளுக்கு எழுதிய கேள்விகளும் கிடைத்த விடைகளும் அடுத்த ஆண்டு மலரில் வெளிவருக.

இதனைச் செய்து பார்த்த மாணவன் ஒருவன் நாளை ஜெனீவாவிலோ வேறெங்கோ உலக மகாநாட்டின் அமைப்பாளனாக அமர்வானாயின், இருக்கைத் திட்டத்தை வரையும்போது அவன் கேட்கும் முதற் கேள்வி வேறாக இருக்கும். எத்தனை அமைச்சர்கள் வருவர் என்று அவன் கேளான். கரையிலிருந்து ஒருவர் வர எத்தனை தடைகள் உள்ளன, அவற்றுள் எத்தனையை நாம் இன்று நீக்கினோம் என்றே கேட்பான்.